பழைய களஞ்சியத்தில் 14 மாதம்

எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். தானியம் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே வந்து நிற்கும் அளவுக்கு உயரமும் அகலமும். களஞ்சியத்தை முதலில் பார்த்தபோது இவ்வளவு பெரிய கதவு ஒன்று போதாதா என்று நினைத்தேன். நடுவில் இருக்கும் தளத்தில்தான் போரடித்தார்கள் என்று தெரிந்தபிறகு விளங்கியது. இரண்டையும் திறந்தால் காற்று நேராகப் பாயும். பதர் பறக்கும், மணி விழும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். இங்கே காற்று வரும் பாதையிலேயே கட்டடத்தை வைத்திருக்கிறார்கள். இதை வீடாக மாற்றும் வேலையில் எங்கெல்லாம் சிக்கல் வந்ததோ, அங்கெல்லாம் யாரோ காற்றை அடைத்திருந்தார்கள். ஓரிடத்தில் அடைத்தது நான்.

முதல் இரண்டு மாதம் எதையும் இடிக்கவில்லை. அளந்து வரைந்தேன். ஒவ்வொரு உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் எண் கட்டிப் புகைப்படம் எடுத்தேன். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் பல நாடுகளில் மாற்றத்துக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். அதற்கும் இந்த வரைபடங்கள் தேவைப்படும். கூரைக்குள் கூகையோ வௌவாலோ குடியிருக்கிறதா என்று அந்தியில் உட்கார்ந்து பார்த்ததும் அப்போதுதான். இருந்தால் அவை குஞ்சு வளர்க்கும் காலம் முடியும்வரை கூரையில் கைவைக்கக் கூடாது.

மூன்றாம் மாதம் சுவருக்கு வந்தோம். 60 செ.மீ. தடிமனுள்ள கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து. கீழே ஒரு மீட்டர் உயரத்துக்கு மட்டும் எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதத்தை நிறுத்தத்தான் பூசியிருப்பார்கள். ஆனால் ஈரக்கறை சரியாக அந்தப் பூச்சின் மேல்விளிம்பில் தொடங்கியது. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் நுண்துளை வழியாக ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிக் கட்டினார்கள். அந்த வழியைச் சிமெண்ட் மூடிவிட்டதால் ஈரம் இன்னும் மேலே ஏறி வெளியேறியது. உளியும் சுத்தியலும் வைத்துப் பொறுமையாகப் பெயர்த்தோம். இயந்திரத்தை வைத்தால் கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

வெளியே தரைமட்டம் உள்தரையைவிட 30 செ.மீ. உயர்ந்திருந்தது. அந்த மண்ணை இறக்கி, சரளை நிரப்பிய வடிகால் போட்டோம். இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு அஸ்திவார ஆழம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் ஒரே மூச்சில் தோண்டாமல் ஒரு மீட்டர் தோண்டி, நிரப்பி, அப்புறம்தான் அடுத்த மீட்டர்.

சரி, நான் செய்த தவறு. சுவர் காய மாதத்துக்குச் சுமார் 25 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 செ.மீ. சுவர் இரு பக்கமும் காய்ந்தால்கூட ஒரு வருடம். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. கிழக்கு மூலையில் சுண்ணாம்பு பூசி, ஆறாம் மாதத்திலேயே கழுவக்கூடிய பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தேன். மூன்றே வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே விட்டேன். அதன்பிறகும் காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் அந்த மூலை மட்டும் நனைந்து கறுத்தது. கசிவைத் தேடி ஒரு மாதம் போனது. கசிவே இல்லை.

அந்த மூலையில் மாடு கட்டியிருக்கிறார்கள். கோமியத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட் உப்பாக மாற்றுகின்றன. அது பல தலைமுறையாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சில நைட்ரேட் உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் துப்பாக்கி மருந்துக்கான வெடியுப்பை இப்படிப்பட்ட தொழுவ மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும்தான் எடுத்தார்கள் என்று படித்தபோது, என் மூலையில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று புரிந்தது. களிமண்ணையும் காகிதக்கூழையும் காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து சுவரில் அப்பினோம். காயும்போது உப்பு அதற்குள் இழுபட்டு வருகிறது. மூன்று முறை செய்தோம். அதன்மேல் மெலிதாகச் சுண்ணாம்புப் பூச்சு: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகாமல். நனைந்த சணல் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட்டோம், ஏனென்றால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மிச்ச உப்பை இந்தப் பூச்சு வாங்கிக்கொள்ளும். சில வருடத்தில் இதைப் பெயர்த்துப் புதிதாகப் பூச வேண்டிவரும். தெரிந்தே பூசியிருக்கிறேன்.

மர வேலை இதைவிட நல்லபடியாக நடந்தது. கூர்முனை ஊசியால் ஒவ்வொரு விட்டத்தையும் குத்திப் பார்த்ததில் சுவருக்குள் நுழையும் முனைகள் மூன்று மட்டும் மாவாக இருந்தன. ஈரமானியில் அங்கே 27 சதவீதம். 20க்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். உறுதியான மரம் தெரியும்வரை வெட்டி, சாய்வுப் பொருத்தில் புது மரத்தை இணைத்தார் தச்சர். சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். புதுத் துண்டுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பழையதுபோல ஆக்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மாற்றிய பகுதி கட்டடத்தோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரியவும் வேண்டும் என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964இன் வெனிஸ் சாசனம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. துண்டின் பக்கவாட்டில் வருடத்தைச் செதுக்கச் சொன்னேன்.

சுவரில் இருக்கும் காற்றுப் பிளவுகளை ஜன்னலாக அகலப்படுத்தச் சொல்லாதவர் இல்லை. அவை வெளியே கையளவு, உள்ளே விரிந்து ஒரு முழம். உட்பக்க விளிம்பில் திறக்கக்கூடிய கண்ணாடி மட்டும் பொருத்தினேன். காலையில் அந்தச் சரிவான பக்கங்களில் வெளிச்சம் பரவி அறைக்குள் இறங்குவதைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பெரிய வாசலிலும் கண்ணாடிக் கதவு, பழைய மரக் கதவுக்கு ஓரடி உள்தள்ளி. மரக் கதவுகள் கீலோடு அப்படியே இருக்கின்றன.

படுக்கையறைக்கான மேல்தளம் தன் சொந்த இரும்புக் கால்களில் நிற்கிறது. சுவரை எங்கும் தொடவில்லை, 5 செ.மீ. விலகியிருக்கிறது. நாளை யாராவது வேண்டாமென்று கழற்றினாலும் களஞ்சியத்துக்கு ஒன்றும் ஆகாது. சமையலறையும் குளியலறையும் அதன் அடியில். நடுக்களத்தில் தடுப்பு எதுவும் வைக்கவில்லை.

இன்றைய அளவீடு: மூன்று விட்ட முனைகளும் 16 சதவீதத்துக்குக் கீழே. மேற்குச் சுவர் காய்ந்துவிட்டது, வடக்குச் சுவரின் அடிப்பகுதி இன்னும் இல்லை. அதற்குப் பூச்சு இந்த வருடம் கிடையாது. அடுத்த மாதம் மேல்தளத்துக்குப் படிக்கட்டு. அதன் கைப்பிடிக்குப் பழைய தீவனத்தொட்டியின் பலகையை எடுத்து வைத்திருக்கிறேன்.