திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வரை: திமிங்கிலங்கள் கரையேறிய கடற்கரை

திருச்செந்தூருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோவில் வாசலில் கடலைப் பார்த்துவிட்டு, நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே தொடர்ந்து போனால் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று கடலை ஒட்டியே ஊர்கள். மொத்தமே இருபது கிலோமீட்டருக்குள். கல்லாமொழிப் பக்கம் அனல்மின் நிலையம், குலசையில் ராக்கெட் ஏவுதளப் பணி என்று கரை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மணப்பாட்டில் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், அடியில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, பக்கத்தில் ஆற்று முகத்துவாரமும் மணல்திட்டும். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி அக்கறை உள்ளவர்களுக்கு இந்தக் கரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது.

2016 ஜனவரி 11 மாலை தொடங்கி, இந்தக் கரை நெடுகப் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. ஏறத்தாழ 80. நாற்பதுக்கும் மேல் செத்துப்போயின. செய்தி படித்தவர்களுக்கு அது அதிசயம். ஆனால் 1973 ஜனவரியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கே இதே பகுதியில் இதே இனம் 147 ஒதுங்கியது ஆய்வுப் பதிவுகளில் இருக்கிறது. 43 வருட இடைவெளி, அதே இனம், அதே மாதம், அதே கரை. இரண்டு சம்பவத்தை வைத்துக்கொண்டு காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சுனாமி, நிலநடுக்கம் என்று அப்போது கிளம்பிய வதந்திகளை விட, கரையின் அமைப்பைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

குன்றில் ஏறி வடக்கே பார்த்தால் புரியும். மணப்பாடு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு வடக்கே கரை உள்வாங்கி வளைகிறது, மணல் மெல்லச் சரிந்து இறங்குகிறது. நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட், அமெரிக்காவின் கேப் காட் ஆகிய இடங்களும் இப்படித்தான்: நீட்டிய முனை, உள்ளே வளைவு, ஆழமில்லாத மணல். பைலட் திமிங்கிலம் ஆழ்கடலில் கணவாய் தின்னும் பிராணி, உண்மையில் ஓங்கல் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும். மெல்லச் சரியும் மணலில் எதிரொலி தெளிவாகத் திரும்பாது என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, கூட்டத்தை விட்டுப் பிரியாத அதன் குணம். நோய்ப்பட்ட ஒன்றோ வழிதவறிய ஒன்றோ கரைக்கு வந்தால் மற்றவை பின்னாலேயே வருகின்றன. 2016-ல் படகில் கட்டி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்ததற்கு இதை விட நல்ல விளக்கம் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் மீட்புக் கையேடுகள் பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் எழுதப்பட்டவை. நல்ல கையேடுகள்தான். இந்தக் கரைக்கு அப்படியே பொருந்தாது, அவ்வளவுதான். அங்கே ஓதம், அதாவது கடல்மட்டம், பல மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது மாட்டிக்கொண்ட திமிங்கிலத்தை ஈரமாக வைத்துக் காத்திருந்தால், ஆறு மணி நேரத்தில் கடலே வந்து தூக்கிக்கொள்ளும். தூத்துக்குடிக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. அலை தள்ளிவிட்ட இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான், ஓதத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. அடுத்தது வெயில். குளிர்நாட்டில் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இங்கே ஜனவரியிலும் பத்து மணிக்கு மேல் மணல் சுடும். உடம்பைச் சுற்றிக் கொழுப்புப் போர்வை போர்த்திய பிராணிக்கு நீருக்கு வெளியே சூடு தணிய வழியில்லை. ஆகவே இங்கே முதல் எதிரி சூடு, இரண்டாவது சொந்த எடை.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் 5 மீட்டரைத் தாண்டும், இரண்டு மூன்று டன் வரும். தண்ணீர் தாங்கிய எடையை மணலில் நெஞ்சுக்கூடு தாங்குகிறது. நுரையீரல் அமுங்கும், அடிப்பக்கத் தசை நசுங்கும். நசுங்கிய தசையிலிருந்து கசியும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல மணி நேரம் கிடந்த திமிங்கிலம் கடலுக்குள் நீந்திப் போவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம், இரண்டு நாளில் அது சாகலாம். ‘மீட்கப்பட்டது’ என்ற எண்ணிக்கையை எப்போதும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

உயிரோடு ஒன்று ஒதுங்கிக் கிடந்தால் முதலில் வனத்துறைக்கும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் வருபவை. ஆள் வரும் வரை செய்யக்கூடியது: பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து வயிறு கீழே இருக்கும்படி மெல்ல நிமிர்த்துங்கள். சாய்ந்து கிடந்தால் தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளைக்குள் மணலும் அலைநீரும் போய்விடும். இரண்டு பக்கத் துடுப்புக்கும் கீழே குழி தோண்டுங்கள். துடுப்பு மடங்காமல் தொங்கும், குழியில் ஊறும் தண்ணீர் அதைக் குளிர்விக்கும். வெள்ளை வேட்டி, பழைய பருத்திப் புடவை எதுவானாலும் கடல்நீரில் நனைத்துப் போர்த்துங்கள். மூச்சுத்துளையை மட்டும் மூடக் கூடாது. துணி காய்ந்தால் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும் என்பதால் விடாமல் நனைக்க வேண்டும். முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, வால் மூன்றுக்கும் கூடுதல் தண்ணீர். உடம்புச் சூடு வெளியேறுவது அங்கேதான். நிழலுக்குச் சாமியானா கிடைத்தால் நல்லது. கறுப்புத் தார்ப்பாய் வேண்டாம்.

வாலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், ஒரே வீச்சில் காலை முறிக்கும். மூச்சுத்துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், அந்த மூச்சில் வரும் கிருமி மனிதருக்கும் தொற்றும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணி, நேரத்தோடு எழுதிவைத்தால் பின்னால் வரும் கால்நடை மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி. கூட்டத்தை விலக்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. செல்ஃபி எடுக்க வருகிறவரிடம் வாளியைக் கொடுத்துவிடுவது நல்ல தந்திரம்.

வாலில் கயிறு கட்டி இழுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. மீனவர்கள் மேல் குற்றமில்லை, கையில் இருப்பது வள்ளமும் கயிறும்தான். பின்பக்கமாக இழுக்கும்போது முதுகெலும்பு மூட்டு விலகும், மூச்சுத்துளை நீருக்கடியில் போய் மூழ்கியே செத்துவிடும். வலுவான கான்வாஸ் அல்லது வலைத்துணியை உடம்புக்கு அடியில் செருகித் தூளிபோலத் தூக்கி, தலை முன்னால் போகும்படி நகர்த்த வேண்டும். கூட்டமாக ஒதுங்கியிருந்தால் ஒன்று ஒன்றாகக் கொண்டுபோய் விடுவது வீண். கரையில் கிடக்கும் துணைகளின் குரல் கேட்டுத் திரும்பிவிடும். இடுப்பளவு நீரில் முடிந்த அளவு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி, தானாகச் சமநிலை பிடித்து மூச்சுவிட ஆரம்பித்த பிறகு ஒன்றாக அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் ஆட்கள் வேண்டும், ஒரு திமிங்கிலத்துக்குக் குறைந்தது பத்துப் பேர்.

செத்ததை உடனே ஜேசிபி வைத்துப் புதைப்பதில்தான் ஆய்வுக்குப் பெரும் இழப்பு. ஊர் நாறும் என்ற அவசரம் நியாயமானது. அதற்கு முன் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். உயிருள்ளது, புதிதாகச் செத்தது, ஓரளவு அழுகியது, மிக அழுகியது, எலும்பும் தோலுமானது என்று ஐந்து நிலையாகப் பிரித்துக் குறிப்பது உலக வழக்கம். நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுப்பிளவு வரை, உடம்புக்குப் பக்கத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டும். டேப்பை முதுகின் வளைவில் போட்டு அளந்தால் எண் கூடிவிடும், பழைய பதிவுகள் பலவற்றை ஒப்பிட முடியாமல் போவது இதனால்தான். பாலினம், பற்கள், காயத் தழும்பு, வலைக்கயிற்றுத் தடம் எல்லாம் அளவுகோலோடு படமெடுங்கள். மரபணுவுக்கு விரல்நகம் அளவு தோல், 95 சதவீத எத்தனாலில். திசு ஆய்வுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டு, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு அழுகாமல் வைக்கும் திரவம்). தடியாக வெட்டினால் ஃபார்மலின் நடுவரை போய்ச் சேராது, உள்ளே அழுகும். வயிற்றில் செரிக்காமல் கிடக்கும் கணவாய் அலகுகளைச் சேகரித்தால் கடைசியாக எங்கே, என்ன தின்றது என்று ஊகிக்கலாம். பல்லை அறுத்தால் வளையங்களை எண்ணி வயது சொல்லலாம்.

இதெல்லாம் வனத்துறை அனுமதியோடு, கால்நடை மருத்துவரோ ஆய்வு நிறுவனமோ செய்ய வேண்டியது. பயணி கத்தி எடுக்கக் கூடாது. உப்பிய உடலைக் கீறினால் உள்ளே அடைந்த வாயு வெடித்துச் சிதறும். அம்பர்கிரிஸ் என்ற விலையுயர்ந்த மெழுகுபோன்ற பொருள் கிடைக்குமா என்று குத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. அது விந்துத் திமிங்கிலத்தில்தான் உருவாகும், கையில் வைத்திருந்தாலே வழக்கு.

திமிங்கிலம் தினமும் ஒதுங்காது. டிசம்பர் முதல் மார்ச் வரை நடந்தால் தமிழகக் கரையில் நீங்கள் பார்க்க வாய்ப்புள்ளது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி), அதுவும் பெரும்பாலும் செத்தது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு வெளிக்காயம் இல்லாமல் கண் பிதுங்கியிருந்தால் இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டின் நீளத்தைக் கழுத்துப் பக்கப் பள்ளத்திலிருந்து வால் பக்கத்து ஓட்டு நுனிவரை துணி டேப்பால், இங்கே வளைவோடுதான் அளக்க வேண்டும். அளந்தபின் ஓட்டில் பெயிண்ட் புள்ளி ஒன்று வையுங்கள், நாளை வேறொருவர் அதையே மறுபடி எண்ணாமல் இருக்க.

வலையில் வந்த ஆமை அசைவில்லாமல் இருந்தாலும் செத்ததாக முடிவுகட்ட வேண்டாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பாகத்தை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுத்து, நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். நுரையீரலில் உள்ள நீர் வடியும். கண் ஓரத்தைத் தொட்டால் சுருக்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நாலு மணி நேரத்துக்குப் பிறகும், சில நேரம் ஒரு நாள் கழித்தும் எழும். அசைந்ததும் கடலில் எறிந்தால் மறுபடி மூழ்கிவிடும். தலை தூக்கி மூச்சுவிடும் வரை பொறுக்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. குலசை தசரா நாட்களில் ரோட்டில் வண்டி நகராது, அப்போது வேண்டாம். விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம், நாய்களும் காகங்களும் கலைப்பதற்குள் கரையில் உள்ளதும் தெரியும். துணி டேப், மார்க்கர், ஒரு முழம் அளவுகோல், ரப்பர் கையுறை, இருப்பிடத்தைக் குறிக்கும் கைபேசி, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். மணப்பாட்டில் பெரிய ஓட்டல் எதிர்பார்க்காதீர்கள், தங்க திருச்செந்தூர்தான் வசதி. திரும்பும் வழியில் உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்கலாம். உடைத்துப் பார்த்து வாங்குங்கள், சீனி கலந்ததும் விற்கிறார்கள்.