காற்றுத்துளை: பாம்பன் நாட்குறிப்பு

செப்டம்பர் 18

எஞ்சின் இன்றும் நின்றது. புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்று அண்ணன் சொன்னார். வழக்கம்போல டேங்கில் குச்சியை விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரில் ஏர் எடுத்துவிட்டு, அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வலையை இழுத்து ஏற்றித் திரும்பும்போது ஒரு முறை நின்றதாம். அப்பா படுத்த இடத்திலிருந்தே, "நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது?" என்று கேட்டார். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். அண்ணன் பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 19

காற்று கடுமை. யாரும் போகவில்லை.

செப்டம்பர் 21

அக்டோபர் நடுவில் வாடை தொடங்கிவிட்டால் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வள்ளத்தைக் கட்டிவைக்க முடியாது. அதற்குள் பாம்பன் பாலத்தைக் கடந்து தென்கடலுக்கு, மன்னார் வளைகுடாப் பக்கம், கொண்டுபோய்விட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் செய்கிற வேலைதான். எங்களைப் போன்ற சிறு வள்ளங்களுக்குத் தூக்குப் பாலம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், அதற்குப் பக்கத்தில் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம், 1988 முதல் இருக்கிற சாலைப் பாலம் என்று மூன்று வரிசைத் தூண்களுக்கு இடையே போக வேண்டும். புதிய பாலத்தில் தூணுக்குத் தூண் 18.3 மீட்டர், அமைதியான நீரில் அது தாராளமான வழி. நீவாடு பாய்கிற நேரத்தில், கீழே பாறை கிடக்கிற இடத்தில், எஞ்சின் நின்றுவிட்டால் ஏர் எடுத்துவிட எத்தனை நிமிடம் கிடைக்கும்? அண்ணன் கை பழகியவர். இருந்தாலும் அவருக்கே நான்கைந்து நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் வள்ளம் தூணில் மோதிவிடும். வேறு எதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாலும் மனம் இங்கேயே வந்து நிற்கிறது.

செப்டம்பர் 22

மெக்கானிக் வந்து பார்த்தார். டீசல் ஃபில்டரை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலும் சோதித்தாகிவிட்டது. இனி நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசலைத் தள்ளுகிற ஹை பிரஷர் பம்பைக் கழற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். எஞ்சின் சூடாவதற்கு முன் நிற்கிறது, சூடான பிறகு நெடுநேரம் ஓடுகிறது, ஆகவே பம்பில் தேய்மானம் என்பது அவருடைய கணிப்பு. எனக்கு அது பொருந்தவில்லை. தேய்ந்த பம்பு சூடானால் இன்னும் மோசமாகத்தான் நடந்துகொள்ளும். ஏனென்றால் சூட்டில் டீசல் நீர்த்துப்போய் இடைவெளிகளில் கசியும்.

டீசல் ஹோஸில் குமிழ்கள் தெரிகின்றன. அதைத்தான் அவர் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டினார்.

செப்டம்பர் 24

இன்று நானும் வள்ளத்தில் போனேன். எஞ்சின் நின்றதும் அண்ணன் ஸ்பேனரை எடுக்கப் போனார். அவரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு டேங்க் மூடியை நானே மெதுவாகத் திருகினேன். அரைச் சுற்று திரும்புவதற்குள் 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. மூடியின் ஓரத்தில் விரலை வைத்தபோது விரல் நுனியை உள்ளே இழுத்தது. அதே நொடியில் டேங்கின் பக்கத் தகடு 'டக்'கென்று வெளியே துள்ளியது. பிறகு ஏர் எடுத்துவிடாமலேயே எஞ்சினைச் சுற்றச் சொன்னேன். இரண்டு புகை விட்டு, தடுமாறி, ஓடத் தொடங்கியது.

இத்தனை நாளும் எஞ்சினை மறுபடி ஓடவைத்தது ஃபில்டரில் ஏர் எடுத்தது அல்ல. அதற்கு முன்னால், டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்ததுதான்.

செப்டம்பர் 25

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன்.

எங்கள் டேங்க் 60 லிட்டர். அதிலிருந்து டீசல் தன் எடையிலேயே எஞ்சினுக்கு இறங்குகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் பம்பிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயர டீசல் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராம்தான், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் 4 சதவீதம். டேங்குக்குள் காற்றழுத்தம் அந்த 4 சதவீதம் குறைந்தால் போதும், டீசல் இறங்காது. காலையில் 55 லிட்டர் நிரப்பிப் புறப்பட்டால் உள்ளே இருப்பது 5 லிட்டர் காற்று. அதில் 4 சதவீதம் 200 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கிற எஞ்சின் 200 மில்லியை 8 நிமிடத்தில் தீர்த்துவிடும். டேங்க் பாதியாக இருக்கும்போது உள்ளே 30 லிட்டர் காற்று. மட்டம் தாழ்ந்துவிட்டதைக் கழித்துக்கொண்டாலும் அரை மணிக்கு மேல் ஓடும். தகடு உள்வாங்குகிற அளவுக்கு இன்னும் சிறிது நேரம் கூடும்.

நிறைந்த டேங்கில் சீக்கிரம் நிற்பதும், காலியாக ஆகத் தாமதமாக நிற்பதும் இதனால்தான். எஞ்சினின் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஹோஸில் தெரிந்த குமிழ்களுக்கும் இதே காரணம்தான்: டேங்குக்குள் வெறுமை கூடும்போது தளர்ந்த கிளிப் வழியாக வெளிக்காற்று ஹோஸுக்குள் இழுபடுகிறது. டீசல் பங்க்கில் கேன் கேனாக ஊற்றும்போது மூடி வாயில் டீசல் கொப்பளித்துச் சட்டையெல்லாம் நனைகிறதே, அதுவும் இதுதான். டீசல் உள்ளே போக வேண்டுமானால் காற்று வெளியேற வழி வேண்டும்; டேங்கின் தலையிலிருந்து வெளியே போகிற காற்றுக்குழாய் அடைத்துவிட்டதால் அது ஊற்றுகிற வாய் வழியாகவே முட்டிக்கொண்டு வருகிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஏர் ஹோலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 27

காற்றுக்குழாயின் வெளிவாய் வள்ளத்தின் வலப்பக்கம், பின்னால், மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. பித்தளை, கட்டைவிரல் பருமன். ஜூலையில் ஃபைபர் ஒட்டு வேலைக்காக வள்ளத்தைக் கரையேற்றியிருந்தபோது பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே இரண்டு கோட் அடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற கம்பி வலையின் கண்கள் நீலப் பெயிண்டில் மூடிக்கொண்டு, ஊசி நுழையக்கூட இடமில்லை. திருகிக் கழற்றி, தின்னரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தேன். இப்போது வெளிச்சம் தெரிகிறது.

செப்டம்பர் 28

நின்றது. முன்பைவிடத் தாமதமாக நின்றது.

செப்டம்பர் 29

துறையில் ஆளாளுக்கு ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டுவிடு, வேலை முடிந்தது. பக்கத்து வள்ளத்து மாமா அன்பாகவே சொன்னார். ஆணியும் சுத்தியலும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவருடைய மூடியிலும் துளை இருக்கிறது. "இத்தனை வருசமா ஓடலையா மாப்பிள்ளை?" என்றார்.

ஓடுகிறதுதான். ஆனால் அந்த மூடி இருப்பது மேல்தட்டில். வலை இழுக்கும்போது தண்ணீர் வழிகிற இடம். அலை ஏறி வடிகிற ஒவ்வொரு முறையும் துளை வழியாகச் சில சொட்டு உப்புநீர் உள்ளே இறங்கும். டீசலைவிடக் கனமாக இருப்பதால் அடியில் போய்த் தங்கும். வள்ளம் குலுங்குகிற நாளில் மொத்தமாக எஞ்சினுக்குப் போகும். பம்பும் நாசிலும் டீசலின் வழுவழுப்பில் ஓடுகிற பொருள்கள், உப்புநீரைத் தாங்க மாட்டா. மாமா ஆண்டுதோறும் நாசில் மாற்றுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

காற்றுக்குழாய் என்று ஒன்றைத் தனியாக வைத்து, அதை உயரத்தில் ஏற்றி, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருப்பது, காற்று போக வேண்டும் ஆனால் தண்ணீர் போகக் கூடாது என்பதற்காக. அந்த ஏற்பாட்டை ஆணியால் ரத்து செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பஞ்சர் கடையில் கம்ப்ரசருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இன்று வேலை இல்லை.

அக்டோபர் 3

பின்தட்டுப் பலகையைக் கழற்றி, படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் முழுவதும் புரிந்தது. டேங்கின் தலையிலிருந்து கிளம்புகிற ஹோஸ் நேராக மேலே ஏறவில்லை. டேங்குக்கும் வள்ளத்தின் விலாவுக்கும் இடையே தொங்கி, ஒரு முழம் கீழே இறங்கி, மறுபடி ஏறி வெளிவாய்க்குப் போகிறது. அலையில் தளும்பிய டீசல் அந்தப் பள்ளத்தில் தேங்கிவிடும், திரும்பி வடிய வழியில்லை.

பஞ்சர் கடைத் தம்பி கம்ப்ரசர் குழாயை வெளிவாயில் வைத்து ஒரு அடி அடித்தால் போதும் என்றார். டேங்கோடு சேர்த்து அடிக்கக் கூடாது என்று தடுத்தேன். எங்கள் டேங்கின் பெரிய பக்கம் 60க்கு 40 சென்டிமீட்டர், அதாவது 2,400 சதுர சென்டிமீட்டர். டயருக்குக் கொடுக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்கு, சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம், உள்ளே ஏறினாலே அந்தத் தகட்டின் மேல் 480 கிலோ பாரம் விழும். வெல்டு பிளந்துவிடும், பிளந்தால் அறுபது லிட்டர் டீசலும் வள்ளத்தின் அடியில்தான். ஆகவே ஹோஸை இரண்டு முனையிலும் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய், எதிர்த்திசையில், வெளிமுனையிலிருந்து காற்றடித்தோம்.

முதலில் கறுப்பாக டீசல் கசடு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்து, மறுபடி அடித்தபோது ஒரு மண் உருளை துள்ளிவந்து சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. குளவிக் கூடு. டேங்கைக் காலி செய்து வள்ளம் கரையில் கிடந்த நாள்களில், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு ஹோஸின் மேல்முனை கழன்று கிடந்திருக்கும். அது வழியாகப் போய்க் கட்டியிருக்கிறது. உடைந்த மண்ணுக்குள் சுருண்ட சின்னச் சிலந்திகள், கால்கள் மடிந்து, தன் குஞ்சுக்கு இரையாகக் குளவி அடுக்கிவைத்தபடியே இருந்தன. டீசலில் ஊறிய மண் களிமண்ணாகப் பிசுபிசுத்தது. பஞ்சர் கடைத் தம்பி நெடுநேரம் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பிடி மண். அதற்காகப் பம்பை ராமநாதபுரத்துக்கு அனுப்பியிருப்போம்.

அக்டோபர் 5

பழைய ஹோஸைத் திரும்பப் போடவில்லை. அதன் உள்விட்டம் 6 மில்லிமீட்டர்தான்; சிறு படகுகளின் எரிபொருள் அமைப்புக்கான ஐஎஸ்ஓ 10088 தரம் காற்றுக்குழாய்க்குக் குறைந்தது 11 மில்லிமீட்டர் உள்விட்டம் கேட்கிறது. டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸாகப் பார்த்து வாங்கினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பிளாஸ்டிக் குழாய் டீசலில் சில மாதங்களில் விறைத்து வெடித்துவிடும். டேங்க் தலையிலிருந்து எங்கும் தாழாமல் மேல்விளிம்பின் உள்பக்கம் வரை ஏற்றி, அங்கே ஒரு வளைவு கொடுத்து, பிறகு வெளிவாய்க்கு இறக்கியிருக்கிறேன். தளும்புகிற டீசல் இனி டேங்குக்கே வடியும். வெளியிலிருந்து அடிக்கிற தண்ணீர் அந்த வளைவைத் தாண்ட முடியாது. சாண் இடைவெளியில் கிளிப் போட்டு விலாவோடு இறுக்கிவிட்டேன், தொங்குவதற்கு இடமே இல்லை.

வெளிவாய்க்குப் புதிய கம்பி வலை வைத்தேன். வலை எதற்கு, அதுவும் அடைத்துக்கொள்ளுமே என்றார் அண்ணன். பூச்சியைத் தடுக்கவும், வெளியே தீப்பொறி பறந்தால் அது உள்ளே போகாமல் இருக்கவும் வலை வேண்டும். அதைக் கழற்றிக் கழுவுவது நம் வேலை, எடுத்தெறிவது தீர்வாகாது.

அக்டோபர் 6

சோதித்தோம். வெளிவாயில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு விரல் ஆழத்தில் வைத்துவிட்டு, அண்ணனை டீசல் ஊற்றச் சொன்னேன். பாட்டிலில் குமிழ் குமிழாக, விடாமல் வந்தது. மூடி வாயில் ஒரு சொட்டுக்கூடக் கொப்பளிக்கவில்லை. அண்ணன் கேனை இறக்கிவைத்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

அப்பா இரவு கஞ்சி குடித்தார்.

அக்டோபர் 7

55 லிட்டர் நிரப்பி, மூடியை இறுக்கி, துறைக்கு வெளியே வட்டமடித்துக்கொண்டே இருந்தோம். எட்டாவது நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. இரண்டு மணி நேரம் கழித்து எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்தேன். சத்தமே இல்லை. அண்ணன், "என்ன ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

அக்டோபர் 9

காற்று திரும்பப் பார்க்கிறது. சனிக்கிழமை காலை கடக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அக்டோபர் 11

கடந்தோம். நீவாடு அடங்கியிருந்த நேரம் பார்த்துப் போனோம். தூண்களுக்கு இடையே நுழைந்தபோது அண்ணன் சுக்கானை விட்டுக் கண் எடுக்கவில்லை, நான் டேங்கின் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. தென்கடலில் நங்கூரம் போட்ட பிறகு அப்பாவுக்குப் போன் செய்தோம்.

அக்டோபர் 12

பக்கத்து வள்ளத்து மாமா காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹோஸ் என்ன அளவு, எந்தக் கடை என்று கேட்டார். அவருடைய வள்ளத்தில் காற்றுக்குழாயே இல்லை. டேங்கின் தலையில் ஹோஸை மாட்டுவதற்குப் புதிதாக ஒரு நிப்பிள் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் டீசலை முழுவதும் வடித்து, டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, ஆவி போகும் வரை திறந்துவைத்த பிறகே வெல்டரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடியில் எவ்வளவு உப்புநீர் இருக்கிறது என்பதும் வடிக்கும்போது தெரிந்துவிடும். நாளை மதியம் கேன்களோடு வருகிறார்.