49-ஆம் நாள்

நான் பவுடர், அதாவது ஹெராயின், அடித்தவன். மலேசியாவின் அபாயகர மருந்துச் சட்டம் 15(1)(அ)வில் மாட்டி உள்ளே போய் வந்தவன். தண்டனை முடிந்தாலும் அதோடு விடமாட்டார்கள். அப்புறம் இரண்டு, மூன்று வருடம் ஏஏடிகே என்ற போதைப்பொருள் தடுப்பு முகமையின் கண்காணிப்பு. கூப்பிட்ட நாளில் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா, "பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கேன்யா" என்றார். சரி என்று 48 நாள் விரதத்துக்கு மாலை போட்டேன்.

அப்போது அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் குடித்துக்கொண்டிருந்தேன். பவுடர் ஏக்கத்தை அடக்கும் மாற்று மருந்து அது. 2005-இலிருந்து இங்கே கொடுக்கிறார்கள். தினமும் காலையில் அவர்கள் கண்முன்னே குடிக்க வேண்டும். கோயிலில் ஒரு பெரியவர், "அதுவும் போதைதானே தம்பி, விரதம் எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டார். ரோஷத்தில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் இரவு மூக்கு ஒழுகி, எலும்பெல்லாம் குடைந்து, வயிறு கலங்கி, கழுத்தில் மாலையோடு பழைய ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டார். விடிந்ததும் கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

மருந்து கொடுக்கும் மலாய்க்கார அக்கா திட்டவில்லை. "ரமலான் புவாசா மாதத்தில் எங்கள் ஆட்கள் நோன்பு திறந்த பிறகு குடிப்பார்கள். நிறுத்த மாட்டார்கள்" என்றார். கோயில் குருக்களும், "மருந்துக்கு என்ன தீட்டு? குடிச்சிட்டுக் குளிச்சிட்டு வாங்க" என்றார். இதை முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம்.

உடம்பை மெத்தடோன் பார்த்துக்கொண்டது. பொழுதைத்தான் விரதம் பார்த்துக்கொண்டது. அதிகாலைக் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, தரையில் தூக்கம், மாலை ஏழு மணிக்குப் பஜனை. முன்பெல்லாம் ஏழு மணிக்குத்தான் பொருள் வாங்கக் கிளம்புவேன்.

தைப்பூசத்தன்று 500க்கும் மேற்பட்ட படிகள். பால் சிந்தாமல் ஏறிவிட்டேன். இறங்கி வரும்போது ஒரு தண்ணீர்ப் பந்தலில் பழைய கூட்டாளி இருந்தான். மோர் கொடுத்துக்கொண்டே, "நாளைக்கு மாலை கழட்டிருவல்ல?" என்றான். கோயில் பக்கம் போனால் கெட்ட சகவாசம் போய்விடும் என்பார்கள். அவனும் கோயிலுக்குத்தான் வருகிறான்.

மறுநாள் மாலையைக் கழற்றினேன். ஏழு மணி ஆனது. பஜனை கிடையாது, விரதம் கிடையாது, வீட்டில் அம்மாவும் இல்லை. ஃபோன் இரண்டு முறை அடித்தது. அதை மேசையிலேயே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன். பின்கட்டில் அந்தப் பெரியவர் தனியாக அன்னதான அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் நாரை நீட்டினார்.

இன்னும் நான்கு அண்டா மிச்சம் இருந்தது.