வங்காநரியைப் பார்க்க கட்ச் ரண் வரை

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. பையை இன்னும் பிரிக்கவில்லை, செருப்பில் உப்புமண் அப்படியே ஒட்டியிருக்கிறது. இருந்தாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும். மூன்று வங்காநரிக் குட்டிகள் வளைக்கு வெளியே விளையாடுவதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்!

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் மாவட்டம், வாழப்பாடி பக்கம். பொங்கல் முடிந்ததும் வங்காநரியை வலைபோட்டுப் பிடித்துவந்து, கோயில் முன்னால் காலில் கயிறு கட்டி ஓடவிட்டு, பிறகு காட்டில் விடும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம், வனத்துறை அபராதமும் போடுகிறது. சின்ன வயதில் நான் பார்த்த ஒரே வங்காநரி அப்படிப் பிடிபட்ட ஒன்றுதான். வாயைக் கட்டியிருந்தார்கள். கூட்டம் கத்தக் கத்த அதன் விலா படபடவென்று அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அது தன் இடத்தில் தன் பாட்டுக்கு இருப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது.

நம் ஆட்கள் எல்லாவற்றையும் ‘நரி’ என்று சொல்லிவிடுகிறார்கள். ராத்திரியில் கூட்டமாக ஊளையிடுவது வேறு விலங்கு, பத்திரிகைகள் குள்ளநரி என்று எழுதுவது பெரும்பாலும் அதைத்தான். வங்காநரி அதைவிட மிகச் சிறியது. 2 முதல் 4 கிலோதான் இருக்கும், வீட்டுப் பூனையின் எடை. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, ஒல்லியான கால்கள், உடம்பின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் புசுபுசு வால். வாலின் நுனி கறுப்பு. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இமயமலை அடிவாரத்திலிருந்து நம் தென்கோடி வரை வெட்டவெளியும் புதர்க்காடும்தான் அதற்கு வீடு.

குஜராத்தில் இருக்கும் உப்புச் சமவெளிதான் கட்ச் ரண். அதில் சின்ன ரண் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்தது ஏனென்றால் அங்கே வங்காநரி, பாலைநரி இரண்டுமே உண்டு. பாலைநரிக்கு வால் நுனி வெள்ளை. தூரத்தில் பார்க்கும்போது இந்த அடையாளம் ஒன்று போதும். குட்டிகள் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் பிறக்கும் என்பதால் மார்ச் கடைசி வாரத்துக்குத் திட்டம் போட்டேன்.

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ், படுக்கை வசதி, ஒன்றரை நாள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அகமதாபாத்தில் இறங்கிப் பிடித்த பேருந்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். விரம்காம் தாண்டியதும் எஞ்சினிலிருந்து புகை. வெயிலில், ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், இரண்டரை மணி நேரம் நின்றோம். அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டால் நடத்துநர் பதிலே சொல்லவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மாவுக்கு என் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டேன். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மினி டெம்போவை மறித்து ஏறினோம், ஆளுக்கு 80 ரூபாய். பேருந்துக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முறைப்புதான் கிடைத்தது.

சின்ன ரண் ஓரத்து ஊரான தசாடா போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். இங்குள்ள நல்ல விடுதிகளின் வாடகை என் கைக்கு எட்டாது. ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன், இரவுக்கு 700 ரூபாய்.

மறுநாள் ஜீப். ரூ.2,500 என்று பேசிக் கிளம்பினோம், வனத்துறை அனுமதிச் சீட்டு தனி. காட்டுக்கழுதைகள் கூட்டம் கூட்டமாக நின்றன, உலகத்தில் இந்த இனம் மிஞ்சியிருப்பதே சின்ன ரண்ணில் இருக்கும் இந்தக் காட்டுக்கழுதைச் சரணாலயத்தை நம்பித்தான். அழகுதான், ஆனால் என் கண் நரியைத்தான் தேடியது. ஒன்பது மணி வாக்கில் ஒரு வங்காநரி எதிரே வந்தது. நின்று பார்க்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்து அதைத் துரத்த ஆரம்பித்துவிட்டார்! நல்ல போட்டோ கிடைக்குமாம். அது வாலைத் தரைக்கு நேராக நீட்டிக்கொண்டு ஓடியது. சட்டென்று திரும்பும்போது மட்டும் வால் செங்குத்தாக எழுந்தது, படகுக்குச் சுக்கான் மாதிரி. நான் கத்திய கத்தில்தான் வண்டி நின்றது. பகல் வெயிலில் இரை தேடாமல் வளையிலோ புதரடியிலோ ஒதுங்கிச் சக்தியைச் சேமிக்கிற விலங்கு அது. வளையில் பால்குடிக் குட்டிகள் வேறு இருந்திருக்கலாம். திரும்பி வந்ததும், கூடுதல் தூரம் ஓட்டியதாகச் சொல்லி அந்த ஆள் இன்னொரு 1,000 கேட்டார். நரியைத் துரத்திய தூரத்துக்கும் நானே பணம் கொடுக்க வேண்டுமாம். அரை மணி நேரம் சண்டை போட்டு 300 கொடுத்து அனுப்பினேன். அதுகூடக் கொடுத்திருக்கக் கூடாது.

வயிற்றெரிச்சலோடு வந்தவனுக்கு வீட்டுக்கார அம்மா சாப்பாடு போட்டார். கம்பு மாவைக் கையாலேயே தட்டி, மண் ஓட்டில் சுட்ட ரோட்லோ. சுட்ட கத்தரிக்காயை மசித்துப் பச்சைப் பூண்டு போட்ட ஓளோ. மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் வெல்லம், பெரிய டம்ளரில் மோர். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன் நான், ஆனால் கம்புக்கு இப்படி ஒரு வாசனை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று ரோட்லோ சாப்பிட்டேன். 100 ரூபாய்தான் வாங்கினார்.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர் தன் கொழுந்தனாரை வரச்சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரைக் ‘காகா’ என்றார்கள், சித்தப்பா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய பழைய பைக்கில் பெட்ரோலோடு 600 ரூபாய்க்குச் சரணாலயத்துக்கு வெளியே, ஊர் ஓரத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போனார். நரிக்கு குஜராத்தியில் லோங்க்டி. “லோங்க்டிக்கு ஜீப் வேண்டாம் பேட்டா, பொறுமை வேணும்” என்றார்.

வளையிலிருந்து நல்ல தூரம் தள்ளி, காற்று எங்கள் பக்கம் வீசும்படி, ஒரு பீலு மரத்தடியில் உட்கார்ந்தோம். நம் சங்கப் பாட்டில் வரும் உகாய் இந்த மரம்தான். எதிரே சின்ன மேடு, அதில் நான்கைந்து வாய்கள். எல்லாம் ஒரே வளைதான் என்றார் காகா. உள்ளே ஒன்றோடொன்று சேரும், ஒரு வாயில் ஆபத்து வந்தால் இன்னொன்றில் வெளியேறலாம்.

ஆறரை மணிக்குத் தாய் வெளியே வந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, வாசலிலேயே படுத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. அப்புறம் ஒரு தலை, இரண்டு, மூன்று. ஒன்று தாயின் வாலைக் கவ்வி இழுத்தது. இன்னொன்று காய்ந்த சாணித் துண்டை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு யாருக்கும் தர மறுத்தது. தொலைநோக்கியில் அதன் காது மயிர்கூடத் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் தகப்பன் வந்தது, வாயில் ஒரு எலி. நேராக வரவில்லை. நாலடி நடக்கும், நிற்கும், எங்களைப் பார்க்கும், வேறு பக்கம் போவதுபோல் வளைந்து வரும். இந்த நரிகள் ஜோடியாகத்தான் வாழும், குட்டிகளுக்கு இரை கொண்டுவருவது இருவரின் வேலை. எலியைக் கீழே போட்டதும் மூன்றும் பாய்ந்தன. தகப்பன் திரும்பிப் போய்ப் புல்லுக்குள் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டது, சட்டென்று குதித்து எதையோ மென்றது. வெட்டுக்கிளியாக இருக்கும். எலி, பூச்சி, கரையான், ஓணான், இலந்தைப்பழம் எல்லாம் தின்னும். வயலுக்கு இதைவிட நல்ல காவல்காரன் யார்? இதைத்தான் நாம் ‘நரித்தந்திரம்’ என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏழேகால் இருக்கும், தூரத்தில் நாய் குரைத்தது. ஒரே நொடியில் மேடு காலி. புலி சிறுத்தையைவிட நாய்தான் இப்போது இவற்றுக்குப் பெரிய தொல்லை. நாய் கொல்லும், வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் பரப்பும். மகாராஷ்டிரத்தின் நான்னஜ் புல்வெளியில் ஆய்வாளர் அபி தமிம் வனக் நடத்திய ஆய்வில், பக்கத்தில் நாய் இருந்தாலே, ஆய்வுக்காக வைத்த உணவைக்கூட வங்காநரி சரியாகச் சாப்பிடவில்லை. இது போதாதென்று வெட்டவெளியை மூடிப் பரவும் சீமைக்கருவேலம் வேறு. குஜராத்தில் அதற்குப் பெயர் ‘காண்டோ பாவள்’, பைத்தியக்காரக் கருவேலம். மிச்சமிருக்கும் வெட்டவெளியை அரசாங்கக் கணக்கு ‘தரிசு’ என்கிறது. தரிசு என்றால் யாரும் எதையும் கட்டலாம். அந்த மேட்டைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வாயில் வர மறுக்கிறது.

செலவு என்று பார்த்தால் ரயில், அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழுக்குள் முடிக்க நினைத்திருந்தேன், ஜீப்தான் கெடுத்தது. போகிறவர்கள் ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை தவிர்த்துவிடுங்கள், மழையில் ரண் முழுக்கத் தண்ணீர், சரணாலயமும் மூடியிருக்கும். ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே விலங்கைத் துரத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். காகாவின் வளை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ரயிலில் வரும்போது அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “நம்ம கரட்டுக்குப் பின்னாடிகூட ஆடு மேய்க்கிறவங்க வளை பாத்தாங்களாம்டா, பொழுது சாயறப்ப குட்டியோட உக்காந்திருக்குதாம்” என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் பஸ்ஸில் கிளம்புகிறேன். அந்த ஆடு மேய்ப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, நாய்களை எந்தப் பக்கம் ஓட்டிப்போகிறார்கள் என்பது.