நாளை காலை ஆறு மணிக்குச் சிரிக்க வேண்டிய கார்ட்டூன்

நாளிதழில் இரண்டு பத்தி அகலத்துக்கு வரும் பாக்கெட் கார்ட்டூனை வாசகர் பார்ப்பது மூன்று, நான்கு விநாடிதான். தலைப்புச் செய்தியைப் படித்த கண் கீழே இறங்கி, படத்தைத் தொட்டு, வசனத்தைப் படித்து, அடுத்த செய்திக்குப் போய்விடும். அந்தச் சில விநாடிக்காக முதல் நாள் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது, எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். கோடு போடக் கற்றுத்தர ஆள் இருக்கிறது. இந்த மற்ற வேலைகளைச் சொல்லித்தர ஆள் குறைவு. தமிழில் கார்ட்டூன் வரைய வருகிறவர்கள் இதைத் தட்டுத்தடுமாறிக் கற்கத் தேவையில்லை.

முதலில் செய்தி. மூன்று நாளிதழ்களையாவது பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் முடிவு செய்ய வேண்டிய இடம் டீக்கடை. எந்தச் செய்தியை ஒருவர் இன்னொருவரிடம் தன் வாயால் சொல்கிறாரோ அதுதான் கார்ட்டூனுக்கு ஆகும். படம் பார்ப்பவருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும். பட்ஜெட்டில் எவ்வளவு பெரிய மாற்றம் வந்தாலும், அதை இரண்டு வரியில் விளக்கிவிட்டுத்தான் கிண்டல் செய்ய முடியும் என்றால், அந்தச் செய்தியைத் தலையங்கம் எழுதுபவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, செய்தி நாளைக் காலை வரை தாங்குமா என்ற கணக்கு. மதியம் மூன்று மணிக்கு முடிவான ஐடியாவை வாசகர் மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்க்கிறார். நடுவில் பதினைந்து மணி நேரம். அதற்குள் தீர்ப்பு வரலாம், ராஜினாமா வரலாம், இல்லை என்று மறுத்த கூட்டணி இரவு ஒன்பது மணிக்குக் கையெழுத்தாகலாம். ஆகவே 'யார் ஜெயிப்பார்' என்று ஊகிக்கும் படங்களை நாளிதழுக்கு வரைவதில்லை. வார இதழ் என்றால் படம் கடைக்கு வரவே சில நாள் ஆகும்; அதற்குப் பள்ளிக் கட்டணம், கேஸ் சிலிண்டர் விலை, செல்போன் ரீசார்ஜ், மின்வெட்டு மாதிரி மெதுவாக நகரும் விஷயங்களே பொருந்தும்.

இனி ஐடியா. ஒரு படத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் புரியும். அக்டோபர் மாதம். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. மழைநீர் வடிகால் பணி 95 சதவீதம் முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மனதில் தோன்றுவது தெருவில் படகு. அடுத்து, பஸ் நிறுத்தத்தில் தூண்டில் போடுபவர். மூன்றாவது, முழங்கால் தண்ணீரில் நின்று பேட்டி கொடுக்கும் பிரமுகர். இந்த மூன்றையும் தாளில் எழுதி உடனே அடித்துவிட வேண்டும். எழுதாமல் விட்டால் அவை மனதிலேயே சுற்றி, வேறு எதையும் வரவிடாது. அடிக்காமல் விட்டால் மறுநாள் இன்னும் இரண்டு நாளிதழில் அதே படகு வந்திருக்கும்.

அடித்த பிறகு, செய்தியில் உள்ள ஒரே ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். இங்கே அந்தச் சொல் '95 சதவீதம்'. வீதியில் வேறு யார் இப்படிப் பேசுகிறார்கள்? வீடு கட்டும் மேஸ்திரி. வீட்டுப்பாடம் எழுதாத பையன். தீபாவளிக்குத் துணி வாங்கி வைத்திருக்கும் டெய்லர். மூவரில் டெய்லர்தான் நமக்கு வேண்டியவர். பருவமழையும் தீபாவளியும் சேர்ந்தே வருகின்றன. 'காஜா மட்டும்தான் பாக்கி சார்' என்ற பதிலைக் கேட்காத தமிழர் இல்லை. டெய்லர் சொல்கிறார்: "95 சதவீதம் முடிஞ்சிடுச்சு சார். துணி வெட்டுறது மட்டும்தான் பாக்கி." கடை வாசலில் தோண்டிப் போட்ட பள்ளம், அதன்மேல் ஒரு பலகை, பலகையில் வாடிக்கையாளர். படம் இவ்வளவுதான்.

இந்த வசனம் முதலில் இப்படி இருக்காது. முதல் எழுத்தில் "மழைநீர் வடிகால் மாதிரியே உங்க பேன்ட்டும் 95 சதவீதம் முடிஞ்சிடுச்சு சார், இனிமே துணிய வெட்டி, தைச்சு, காஜா எடுக்கிறது மட்டும்தான் பாக்கி" என்று நீளும். 'மழைநீர் வடிகால் மாதிரியே' என்ற சொற்களை வெட்டுவதுதான் மிக முக்கியமான வெட்டு. பள்ளத்தையும் 95-ஐயும் வாசகர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேர்க்கையில்தான் சிரிப்பு இருக்கிறது. நாம் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு வேலை இல்லை. '95' எண்ணாகவே இருக்கட்டும். நேற்றைய தலைப்பில் கண் பார்த்தது அந்த எண்ணைத்தான். 'தொண்ணூத்தஞ்சு' என்று எழுத்தில் போட்டால் காதுக்கு நன்றாக இருக்கும், கண்ணுக்கு நினைவு வராது. சிரிப்புச் சொல் கடைசியில் விழ வேண்டும் என்பதற்காகச் சிலர் 'பாக்கி, துணி வெட்டுறதுதான்' என்று புரட்டிப் போடுவார்கள். அப்படிச் செய்தால் டெய்லரின் வாய்மொழி போய்விடுகிறது. அவர் பேச்சு 'மட்டும்தான் பாக்கி' என்றுதான் முடியும். அந்த ஓசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

பேச்சுத்தமிழை எழுதும்போது ஊர் வந்துவிடும். 'முடிஞ்சிருச்சு' என்றால் மதுரைப் பக்கம், 'முடிஞ்சிடுச்சு' என்றால் சென்னை, 'முடிஞ்சுதுங்க' என்றால் கோவை. ஒரே வசனத்தில் இரண்டு ஊரைக் கலந்துவிட்டால், வாசகருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஆனால் படம் பொய்யாகத் தோன்றும். எல்லா மாவட்டப் பதிப்புக்கும் போகிற படம் என்றால் வட்டார வாடையை ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது போதும்.

தலைவர்களை வரையும் நாளில் வேறு கவலை. பழைய தலைவர்கள் வரைபவர் கையில் ஒரு பிடியை, அதாவது பார்த்ததும் ஆளைச் சொல்லும் அடையாளத்தை, கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரியாருக்குத் தாடி, ராஜாஜிக்குக் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும், காமராஜருக்கு உயரமும் நீண்ட கதர்ச் சட்டையும். எம்.ஜி.ஆருக்கும் கருணாநிதிக்கும் கறுப்புக் கண்ணாடி பொது. தொப்பியும் துண்டும்தான் இருவரையும் பிரித்துக் காட்டின. இன்று மேடையில் இருபது பேர் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே வேட்டி. முகத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. நிற்கும் வாகு, தோள் சாய்வு, முடி எல்லை, மைக்கைப் பிடிக்கும் கை ஆகியவற்றைப் பார்த்துப் பழக வேண்டும். முதுகுப் பக்கம் வரைந்தும் ஆளைச் சொல்ல முடிகிறதா என்று சோதிப்பது நல்ல பயிற்சி. பருமன், நிறம், நோய், பல் ஆகியவற்றைப் பிடியாக எடுப்பதில்லை. அது ஈரமற்ற செயல் என்பது ஒரு பக்கம். வேலையாகப் பார்த்தாலும் நட்டம்தான். தலைவரின் உடம்பைப் பார்த்து வாசகர் சிரித்துவிட்டால் அந்தத் தலைவர் செய்த காரியம் மறந்துவிடும். மருத்துவமனையில் இருப்பவரையும் வரைவதில்லை.

நான்கு மணிக்குள் பென்சில் ரஃப் ஆசிரியர் மேசைக்குப் போக வேண்டும். வக்கீல் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். பெயர் போடாவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஜோக்கில் யார் பெயரும் இல்லை, பொதுவாக எம்.எல்.ஏ., மந்திரி என்றுதான் இருந்தது. அதற்காகவே சட்டமன்ற உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடு முழுக்க எழுந்த கண்டனத்தில் சில நாளிலேயே விடுவிக்கப்பட்டார். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி வரைந்த படத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். அவதூறு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500-இல் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவு. பொது ஊழியரின் பொதுச் செயலைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே செயலை வரைந்திருக்கிறோமா, அவர் வீட்டு விஷயத்தை வரைந்திருக்கிறோமா என்று ரஃப் நிலையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். படத்துக்கு ஆதாரமான செய்தியின் நறுக்கைத் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருப்பது பழக்கமாக இருக்கட்டும். 1906-இல் பாரதியின் 'இந்தியா' வார இதழ் கார்ட்டூன் போட ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தொழில் சர்க்காரின் முகச்சுளிப்பைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. பயந்து கோட்டை மழுக்க வேண்டியதில்லை; ஆதாரம் கையில் இருந்தால் கோடு தைரியமாக வரும்.

இனி மை. அச்சில் படம் எட்டு சென்டிமீட்டர் அகலம் என்றால் ஐவரி கார்டு என்ற வழவழப்பான கெட்டித் தாளில் பதினாறில் வரைவேன். பாதியாகச் சுருங்கும்போது கை நடுக்கமும் பாதியாகிவிடும். ஆனால் கோடும் பாதியாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. 0.1 பேனாவில் போட்ட கோடு நாளிதழ் அச்சாகும் நியூஸ்பிரின்ட்டில் அறுந்து அறுந்து விழும், 0.5, 0.8 பேனா போதும், நிப்பும் இண்டியன் இங்க்கும் என்றால் இன்னும் உயிரோடு இருக்கும். குறுக்குக் கோடுகளை நெருக்கிப் போட்டால் அந்தத் தாளில் மை பரவி ஒரே கறுப்புத் திட்டாகும். ரஃப் கோட்டை வெளிர்நீலப் பென்சிலில் போடுங்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படமாக 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யும்போது நீலம் பெரும்பாலும் தானே மறைந்துவிடும், அழிக்கும் வேலை குறையும்.

கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆகவே பள்ளமும் பலகையும் ஆளும் இடப்பக்கம், டெய்லர் வலப்பக்கம், அவருக்கு மேலே வசனம் எழுதும் பலூன், கண் கடைசியாக இறங்கும் வலது கீழ் மூலையில் கடை லேபிள்கூடப் பிரிக்காத துணிப்பொட்டலம். பொட்டலத்தை இடப்பக்கம் வைத்தால் வசனம் படிக்கும் முன்பே விஷயம் தெரிந்துபோகும். தையல் மெஷினை ஞாபகத்தில் வரையாதீர்கள். சக்கரம் தைப்பவரின் வலக்கைப் பக்கம், ஊசி இடப்பக்கம். மாற்றி வரைந்தால் ஊரில் உள்ள அத்தனை தையற்காரரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

தமிழ் எழுத்தில் தனிக் கஷ்டங்கள் உண்டு. சுருங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. எழுத்தை ஒட்டி வைத்த புள்ளி அதோடு உருகிவிடும். 'பாக்கி' 'பாககி' ஆகிவிடும். புள்ளியைத் தடிப்பாக, எழுத்திலிருந்து விலக்கி வையுங்கள். அவசரக் கையெழுத்தில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'சார்' என்ற சின்னச் சொல்லிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ரகரத்தின் கீழ்ச்சாய்வை இழுத்து எழுதினால் குழப்பம் இல்லை. பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை அதற்குள் நெருக்குவது எல்லோரும் செய்கிற தவறு. தமிழ்ச் சொல் நீளம். முதலில் எழுத்து, பிறகு அதைச் சுற்றிப் பலூன்.

கணினி எழுத்துரு பயன்படுத்தினால், பக்கம் கட்டும் மென்பொருளில் 'கொ'வின் கொம்பு கழன்று ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும் ஆபத்து உண்டு. அனுப்பும் முன் எழுத்தை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றிவிட வேண்டும். வண்ணப் படத்தில் இன்னொரு கண்ணி: திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை அப்படியே அச்சு வண்ணத்துக்கு மாற்றினால் அது நான்கு மையின் கலவையாகிவிடும். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தட்டுகள் ஒரு முடி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். எழுத்தும் கோடும் தனிக் கறுப்பு நூறு சதவீதமாக இருக்க வேண்டும். செல்போனுக்கு என்றால் 1080 பிக்சல் அகலம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியாது. கையெழுத்தை ஓரத்தில் போடாமல் பலகைக்கு அடியில் எங்காவது போடுங்கள், ஓரத்தை வெட்டிவிட்டுப் பரப்பினாலும் அது தப்பாமல் கூடவே வரும்.

ஆறு மணிக்குப் படம் போய்விட்டாலும் வேலை முடியவில்லை. இரவு எட்டு மணிக்குப் பக்கம் கட்டுபவரை அழைத்து, கார்ட்டூனுக்குப் பக்கத்தில் எந்தச் செய்தி வருகிறது என்று கேட்க வேண்டும். வடிகால் பள்ளத்தில் யாராவது விழுந்து இறந்துபோன செய்தி அன்று மாலை வந்திருந்தால், பலகையும் பள்ளமும் உள்ள அந்தப் படத்தை அந்த வீட்டாரும் காலையில் பார்ப்பார்கள். அப்போது படத்தை எடுத்துவிட வேண்டும். அதில் பேரம் இல்லை. அதற்காகவே நாள் சாராத இரண்டு படம் எப்போதும் கைவசம் இருக்கும்: கொசு, ஆட்டோ மீட்டர், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி. எந்தப் பக்கத்தில், எந்தச் செய்தியோடு வைத்தாலும் யாருக்கும் வலிக்காத படங்கள். அவற்றை ஓய்வான நாளில் முழுதாக மையிட்டு, ஸ்கேன் செய்து, பக்கம் கட்டுபவரின் கணினியிலேயே போட்டு வைத்துவிடுங்கள். எட்டேகால் மணிக்கு வரைய உட்கார நேரம் இருக்காது.