மணிக்கட்டு நிமிராத நாட்கள்

பிப்ரவரி 9

மருத்துவமனையில் அம்மாவின் படுக்கையருகே இரண்டு இரவுகள் கண்விழித்த களைப்பில், மூன்றாம் இரவு நாற்காலியிலேயே உறங்கிவிட்டேன். வலது கையை நாற்காலியின் சாய்மானத்துக்குப் பின்னால் தொங்கவிட்டு, அதன் விளிம்பு மேற்கையில் அழுந்தும்படி பல மணி நேரம் சாய்ந்திருந்தேன் என்பது விழித்த பிறகுதான் புரிந்தது. மரத்துப்போன கையை உதறினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மரப்பு ஓரளவு தணிந்தது. மணிக்கட்டு மட்டும் நிமிரவே இல்லை. கையை முன்னால் நீட்டினால் முழங்கை வரை சொன்னபடி கேட்கிறது, அதற்கப்பால் புறங்கை சரிந்து விரல்கள் தரையை நோக்கித் தொங்குகின்றன. வலி இல்லை. வலியில்லாமல் ஒரு கை இப்படி ஓய்ந்துபோவது வலியைவிட அச்சமூட்டுகிறது.

பக்கவாதமோ என்றுதான் முதலில் நடுங்கினேன். பணியிலிருந்த மருத்துவரும் அதைத்தான் முதலில் சோதித்தார். சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், இரு கால்களையும் தூக்கச் சொன்னார், பிறகு கைவிரல்களை இறுக மடக்கச் சொன்னார். மூளையின் கோளாறால் தொய்ந்த மணிக்கட்டு, விரல்களை இறுக்கும்போது பெரும்பாலும் தானாகவே சற்று நிமிரும் என்றும், என்னுடையது அப்படி நிமிராமல் மேலும் உள்நோக்கி வளைவதால் கையில் ஓடும் ரேடியல் நரம்பின் மீதுதான் தமக்கு ஐயம் என்றும் சொன்னார். ஆனால் இந்த வேறுபாட்டை வீட்டிலிருந்தபடியே யாரும் தாமாகத் தீர்மானிக்கக் கூடாது. திடீரென்று கை தொய்ந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

பிப்ரவரி 10

இன்று நரம்பியல் மருத்துவர் ஏறத்தாழ அரை மணி நேரம் சோதித்தார். எது இயங்கவில்லை என்பதில் அவர் அதிக நேரம் செலவிடவில்லை. எது இன்னும் இயங்குகிறது என்பதைத்தான் துருவித் துருவிப் பார்த்தார். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆகவே நினைவில் உள்ளவரை முழுமையாக எழுதி வைக்கிறேன். இடக்கையால் தட்டச்சு செய்வதால் இதற்கு நெடுநேரம் ஆகிறது.

ரேடியல் நரம்பு, ஆரை நரம்பு என்றும் தமிழில் எழுதுகிறார்கள், கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் வேர்கள் பின்னிப் பிரியும் வலையில் பிறந்து, அக்குளைக் கடந்து, மேற்கை எலும்பின் பின்புறம் உள்ள ஒரு பள்ளத்தில் சுருளாகச் சுற்றி இறங்குகிறது. அங்கே அது எலும்பை ஒட்டிக் கிடப்பதால், வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்க ஏற்ற நிலையில் இருக்கிறது. பிறகு முழங்கையின் வெளிப்பக்கமாக முன்னால் வந்து இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை புறங்கைத் தோலின் உணர்ச்சிக்கு, மற்றொன்று விரல்களையும் கட்டைவிரலையும் நீட்டும் தசைகளுக்கு. வழியில் எந்தத் தசைக்கு எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்ற வரிசை அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான். பழுதுபட்ட இடத்துக்கு மேலே பிரிந்தவை பிழைத்திருக்கும், கீழே பிரிபவை ஓய்ந்திருக்கும். இதை வைத்துத்தான் அவர் இடத்தைக் கண்டுபிடித்தார்.

முழங்கையை அவருடைய கைக்கு எதிராக நீட்டினேன். முழு வலு இருந்தது. மேற்கையின் பின்புறத் தசைக்கான கிளைகள் பள்ளத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், பழுது அக்குளில் இல்லை என்று குறித்துக்கொண்டார். கக்கத்தில் ஊன்றுகோல் அழுத்தி நரம்பு நொந்தவர்களுக்கு இந்தத் தசையும் தளர்ந்துவிடுமாம். அடுத்து, கட்டைவிரல் மேலே இருக்கும்படி முன்கையை வைத்து முழங்கையை மடக்கச் சொன்னார். இடக்கையில் அப்போது முன்கையின் மேல் விளிம்பில் ஒரு தசை கயிறுபோல் திரண்டு நிற்கிறது. வலக்கையில் அந்தத் திரட்சியே இல்லை. அந்த ஒரு தசையின் மௌனம், கழுத்தில் ஏழாவது வேர் அழுந்தியிருக்கலாம் என்ற ஐயத்தை ஏறக்குறைய நீக்கிவிட்டது. அப்படியிருந்தால் இது பிழைத்து, முழங்கையை நீட்டும் தசை தளர்ந்திருக்க வேண்டும்.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. விரல்களின் நடுக்கணுக்களையும் நுனிக்கணுக்களையும் என்னால் நீட்ட முடிந்தது. அதைக் கண்டு விரல்கள் பிழைத்துவிட்டதாக நேற்றிரவெல்லாம் மகிழ்ந்திருந்தேன். அந்தக் கணுக்களை உள்ளங்கையின் சிறு தசைகளும் நீட்ட வல்லவை, அவற்றில் பெரும்பாலானவை வேறொரு நரம்புக்கு உரியவை என்று மருத்துவர் விளக்கினார். ஆரை நரம்பைச் சோதிக்க விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுவைத்தான் பார்க்க வேண்டும். அது அசையவில்லை. விரல்களை அகலமாக விரிக்கவும் முடியாமல் தடுமாறினேன். கையை மேசைமேல் தட்டையாக வைத்ததும் அவை இயல்பாக விரிந்தன. கை தொங்கும் நிலையே மற்ற நரம்புகளும் கெட்டதுபோல் காட்டுகிறது.

கடைசியாகப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கைத் தோலில் ஒரு சிறு பகுதி மட்டும் சுரணை குறைந்திருக்கிறது. அதன் எல்லையை நீலப் பேனாவால் வரைந்தார். நான் அதைத் தாளில் படியெடுத்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12

இதற்குச் 'சனிக்கிழமை இரவு வாதம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் உண்டு. மது மயக்கத்தில் நாற்காலியில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவர்களைக் கண்டு வைத்த பெயர். தன் கைமேல் துணை தலைவைத்து உறங்கியதால் வந்தால் 'தேனிலவு வாதம்' என்கிறார்கள். முதல் பெயரை நான் வெறுக்கிறேன். நோயாளியைப் பேணிக்கொண்டு களைத்து உறங்கியவருக்கும், மயக்க மருந்தின் தாக்கத்தில் கிடந்தவருக்கும் இது வரும். அவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு வெட்கப்பட்டுச் சோதனைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது.

மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்தித் தாங்கும் சிம்பு ஒன்றை இன்று பொருத்தினார்கள். அதற்குமுன் பிசியோதெரபிஸ்ட் அம்மையார் என்னைத் தம் இரு விரல்களை இறுகப் பிடிக்கச் சொன்னார். குழந்தையின் பிடி அளவுக்கே வலு இருந்தது. பிறகு தம் மறுகையால் என் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீண்டும் பிடிக்கச் சொன்னபோது, பிடி பல மடங்கு இறுகியது. விரல்களை மடக்கும் தசைகளுக்கு ஒரு கேடும் இல்லை. மணிக்கட்டு சரிந்தால் அவற்றின் தசைநாண்கள் தளர்ந்து இழுவிசையை இழக்கின்றன, அவ்வளவே. எதையாவது பற்ற வேண்டுமானால் மணிக்கட்டு முதலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகள் கையை வைத்துக்கொண்டிருந்தும் நான் கவனித்ததில்லை.

சிம்பு நரம்பைக் குணப்படுத்தாது என்பதை அவர் இருமுறை சொன்னார். ஓய்ந்த தசைகள் அளவுக்கு மீறி நீளாமலும், மூட்டுகள் மடங்கிய நிலையில் இறுகாமலும் காப்பதே அதன் வேலை. நாள்தோறும் சில முறை அதைக் கழற்றி, மற்றக் கையால் மணிக்கட்டையும் ஒவ்வொரு விரலையும் கட்டைவிரலையும் முழு அளவுக்கு நிமிர்த்தி மடக்க வேண்டும். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகியிருந்தால் அதனால் பயன் இல்லை என்றார்.

பிப்ரவரி 21

சிகிச்சைக்கூடத்தின் காத்திருப்பு வரிசையில் இன்று என்னோடு மூவர் அமர்ந்திருந்தார்கள். நால்வருக்கும் ஒரே நரம்பு, நான்கு விதங்களில்.

ஓர் இளைஞருக்கு மேற்கை எலும்பின் நடுத்தண்டு முறிந்திருக்கிறது. இவ்வகை முறிவு கண்டவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு இந்த நரம்பும் பாதிக்கப்படுகிறது என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை இன்றியே மீண்டுவிடுகிறது என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். காயம் திறந்திருந்தாலோ, நரம்பு அறுந்திருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தாலோ காத்திருக்க மாட்டார்களாம்.

முதியவர் ஒருவருக்கு மணிக்கட்டு நிமிர்கிறது, ஆனால் நேராக நிமிராமல் கட்டைவிரல் பக்கமாகச் சாய்கிறது. விரல்கள் மட்டும் தொங்குகின்றன, தோலில் மரப்பே இல்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் தசையின் விளிம்பிலுள்ள இறுகிய வளைவுக்கு அடியில், தசைகளுக்குச் செல்லும் ஆழ்கிளை அழுந்தியிருக்கிறதாம். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றுக்கு அதற்கு மேலேயே கிளை பிரிந்துவிடுவதால்தான் அந்தச் சாய்வு.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. அவருக்குத் தொய்வே இல்லை. கட்டைவிரலின் பின்புறம் தீச்சுட்டதுபோல் எரிச்சல் மட்டும். இறுக்கமான கடிகாரப் பட்டை, மணிக்கட்டுக்கு மேலே தோலுக்கு வெகு அருகில் ஓடும் உணர்ச்சிக் கிளையை அழுத்தியிருக்கிறது. 1932ஆம் ஆண்டு இதை விவரித்த வார்ட்டன்பெர்க்கின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. கட்டைவிரல் தசைநாண் அழற்சி என்று தவறாக எண்ணி மருந்து கொடுப்பதும் உண்டு. பட்டையைக் கழற்றியதே அவருடைய சிகிச்சையில் பாதி.

மார்ச் 4

நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையும், தசையில் மெல்லிய ஊசி செலுத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையும் இன்று நடந்தன. முதல் நாளிலேயே இவற்றைச் செய்யாததில் எனக்கு மனக்குறை இருந்தது. அதன் காரணத்தை இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நரம்பிழை உண்மையில் அறுந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழுள்ள பகுதி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் வரை மின்தூண்டலுக்குப் பதிலளித்துக்கொண்டே இருக்கும். பிறகுதான் சிதையும். அந்தச் சிதைவை 1850இல் அகஸ்டஸ் வாலர் விவரித்தார். தசையில் அதன் தடயம் ஊசிக்குப் புலப்பட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அவசரப்பட்டுச் சோதித்தால் கெட்ட நரம்பும் நல்லதாகத் தெரியக்கூடும்.

நரம்புக் காயத்துக்கு 1943இல் ஹெர்பர்ட் செடன் வகுத்த மூன்று நிலைகளை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முதலாவதில் நரம்பிழை அறுவதில்லை. அதன் மேலுறை நொந்து செய்தி கடப்பது தடைப்படுகிறது, வாரக்கணக்கில் மீள்கிறது. இரண்டாவதில் உள்ளிழை அறுந்தாலும் அதைச் சூழ்ந்த குழாய் எஞ்சியிருக்கிறது. இழை அந்தக் குழாயின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்து செல்கிறது. மூன்றாவதில் நரம்பே முழுவதும் துண்டாகிறது. தைத்தோ ஒட்டுவைத்தோ சரிசெய்ய வேண்டும். எனக்குப் பெரும்பகுதி முதல் வகை, சில இழைகள் மட்டும் இரண்டாம் வகை. மேற்கைப் பள்ளத்துக்குக் கீழே தூண்டினால் தசை துள்ளுகிறது, மேலே தூண்டினால் மிகச் சிறிதே அசைகிறது. அந்த இரண்டு அலைவடிவங்களையும் திரையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, மூன்று வாரங்களாக என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

மார்ச் 23

முன்கையின் மேல் விளிம்பில் அந்தக் கயிறு தெரிகிறது. மெல்லியதாகத்தான், ஆனால் தெரிகிறது.

ஏப்ரல் 6

மணிக்கட்டு நிமிர்ந்துவிட்டதாக மூன்று நாட்களாக நம்பியிருந்தேன். அது போலி அசைவு என்று பிசியோதெரபிஸ்ட் கண்டுபிடித்துவிட்டார். மணிக்கட்டை முதலில் பலமாக உள்நோக்கி மடக்கிவிட்டுத் தளர்த்தினால், அது எதிர்ப்பக்கம் துள்ளி நிமிர்வதுபோல் தோன்றும். முன்கையை மேசைமேல் வைத்து, மடக்கும் தசையின் மேல் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு முயன்றால் ஏமாற்றம் இராது என்று கற்றுக்கொடுத்தார். அப்படி முயன்றபோது, கையின் பாரத்தை எதிர்த்து உண்மையாகவே இரண்டு விரற்கடை எழுந்தது. போலியான பெரிய அசைவைவிட இந்தச் சிறிய அசைவை நான் நூறு மடங்கு மதிக்கிறேன்.

அம்மா வீடு திரும்பி இரண்டு வாரமாகிறது. "உன் கை எப்படி இருக்குப்பா?" என்று தினமும் கேட்டு, தாமே என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிடுகிறார். தம்மால்தான் இது வந்தது என்ற எண்ணம் அவரை வருத்துகிறது; நாற்காலியின் விளிம்பால் வந்தது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்பதில்லை.

ஏப்ரல் 27

அடிக்கணுவிலிருந்து விரல்கள் எழத் தொடங்கிவிட்டன. நடுவிரல் முதலில், பிறகு மற்றவை. பகலில் சிம்பு இல்லாமல் எழுதுகிறேன். பேனாவைப் பிடிப்பதைவிட அதைக் கீழே விடுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, ஏனென்றால் விடுவதற்கு விரல்கள் விரிய வேண்டும்.

இளைஞருக்கு இன்னும் அசைவு வரவில்லை. சில மாதங்கள் கழிந்தும் சோதனையில் ஒரு தடயமும் இல்லையென்றால் நரம்பைத் திறந்து பார்ப்பார்கள். அதுவும் பயன்படாவிட்டால் மற்ற நரம்புகளால் இயங்கும் தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த வழி உண்டு. அவருடைய முறிவு முழங்கைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டு, மில்லிமீட்டர்களை நாட்களாக அவரோடு சேர்ந்து கணக்கிட்டேன். காத்திருக்க வேண்டிய காலம் இன்னும் முடியவில்லை என்று கண்டதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

மே 11

உள்ளங்கையை மேசைமேல் பதித்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கினேன், எழுந்து நின்றது. மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு சுட்டுவிரலைத் தனியே நீட்டுவதுதான் பாக்கி. அந்தத் தசைக்கான கிளை வரிசையில் கடைசி என்பதால் அது தாமதிப்பதில் எனக்குக் கவலை இல்லை. பிப்ரவரியில் படியெடுத்த தாளை எடுத்துப் புறங்கையோடு ஒப்பிட்டு, சுரணை குறைந்த பகுதியின் எல்லையை இன்று மீண்டும் வரைந்தேன். பழைய கோட்டுக்குள் அது பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. நடுவில் மட்டும், தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கிறது.