நெய்த்தேங்காயும் பதினெட்டுப் படியும்

சபரிமலையில் பதினெட்டாம் படி ஏற ஒரு சாமிக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். மண்டல காலக் கூட்டத்தில் படியின் இரு ஓரமும் காவலர்கள் நின்று, முழங்கையைப் பிடித்துத் தூக்கி மேலே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். தலையில் இருமுடி, அதைப் பிடிக்க ஒரு கை. கால் எங்கே படுகிறது என்று பார்ப்பதற்குள் கொடிமரம் வந்துவிடும். எந்தப் படி காமம், எந்தப் படி குரோதம் என்று அங்கே நின்று நினைக்க வழியில்லை. அந்த வேலை மாலை போட்ட நாளிலிருந்து 41 நாளில் வீட்டிலேயே நடந்திருக்க வேண்டும்.

குருசாமிகள் சொல்லும் கணக்கு இது. முதல் 5 படி ஐம்புலன்கள். அடுத்த 8 படி காமம், குரோதம், லோபம் (பேராசை), மோகம், மதம் (செருக்கு), மாற்சரியம் (பொறாமை), அசூயை (பிறர் நல்லதில் குறை காண்பது), டம்பம் (பகட்டு). அதற்கு மேல் 3 படி சத்துவம், ரஜஸ், தமஸ் என்ற முக்குணங்கள். மிச்சம் 2 படி வித்தை (ஞானம்), அவித்தை (அறியாமை). எட்டில் கடைசி ஒன்றிரண்டை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வதுண்டு. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் சத்துவம் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். நற்குணம் என்று நாம் போற்றும் அதுவும் தாண்ட வேண்டிய படிகளின் வரிசையில்தான் நிற்கிறது.

ஏன் என்பது விரதம் பாதி கடந்ததும் தெரியும். சைவச் சாப்பாடு, பிரம்மச்சரியம், இருவேளைக் குளியல், தரையில் படுக்கை என்று பழகிவிட்டால் காமமும் லோபமும் ஓரளவு அடங்கிவிடும். அந்த இடத்தில் மதமும் டம்பமும் வந்து உட்காரும். "நான் வெறுங்காலோடு நடக்கிறேன், அந்தச் சாமி செருப்புப் போட்டிருக்கிறார் பார்" என்று வாயில் வரும். எத்தனையாவது மலை என்ற எண்ணிக்கை பேச்சில் ஏறும். 18ஆம் வருடம் தென்னங்கன்று சுமக்கும் சாமிகளுக்கு இந்தச் சோதனை இன்னும் கூடுதல். கெட்ட குணத்தை அடக்கியதே பெருமையாக மாறுவதைத்தான் மேல்படிகள் காட்டுகின்றன.

கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது. ராத்திரி பஜனை, விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல், வேளை தவறிய சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் மூன்றாம் வாரம் எரிச்சல் வரும். விழுவது வீட்டுப் பெண்கள் மேல். சாமிக்காக நாலு மணிக்கு எழுந்து, குளித்து, தனியாகச் சமைத்துப் போடுகிற அம்மாவையோ மனைவியையோ வைதுவிட்டு நூற்றெட்டுச் சரணம் சொல்வதில் பலன் இல்லை. மதியம் ஒரு முழுச் சாப்பாடு, இரவு நேரத்தோடு பலகாரம், ஆறு மணி நேரத் தூக்கம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் எழாது. படிக்கு இரண்டு நாள் என்று எடுத்துக்கொண்டு அந்தந்தக் குணத்தை மட்டும் கவனித்துவந்தால் 36 நாள் ஆகும். மிச்சம் 5 நாள் இருமுடியை நிறைத்துக் கட்டும் கட்டுநிறைக்கும் பயணத்துக்கும் சரியாக இருக்கும்.

கட்டுநிறையில் உயிரானது நெய்த்தேங்காய். ஓடு மனித உடம்பு, உள்ளே ஊற்றுகிற நெய் ஜீவன் என்று கொள்வது வழக்கம். நடுத்தர அளவில், விரிசல் இல்லாத, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கிற முற்றிய காயாக எடுக்க வேண்டும். நாரை முழுக்கச் சுரண்டி, ஓட்டை வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். மூன்று கண்ணில் மென்மையான ஒன்றை மட்டும் துளைத்துத் தண்ணீரை வடித்து, கவிழ்த்து வைத்து ஈரம் போகவிட வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் மலைக்குப் போவதற்குள் நெய் நாறும். பசுநெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். ஒரு காய்க்கு 150 மில்லி முன்பின் பிடிக்கும். விளிம்பு வரை ஊற்றினால் தக்கை உட்காராது. கொஞ்சம் இடம் விட்டு, தக்கையை அழுத்தி, மேலே நனைத்த அப்பளத்தை ஒட்ட வேண்டும். விளிம்பில் நெய்ப்பிசுக்கு இருந்தால் அப்பளம் ஒட்டாது, பம்பை வருமுன் இருமுடியின் முன்பக்கக் கட்டான முன்முடி நனைந்துவிடும். துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

முன்முடியில் சாமிக்கான பூஜைப் பொருள், பின்முடியில் வழிச்செலவுக்கான உணவு. பின்முடி வழியில் குறைந்துகொண்டே வரும், முன்முடி குறையாது. பிளாஸ்டிக் பை எதுவும் கட்டில் வேண்டாம். பம்பையில் உடுத்திய துணியை விட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டது ஆசாரமே இல்லை. அது ஆற்றைக் கெடுக்கும் வேலை, தடையும் இருக்கிறது.

நெய்யபிஷேகம் முற்பகலோடு முடிந்துவிடும். மாலையில் படி ஏறுகிறவர்கள் இரவு சந்நிதானத்தில் தங்கி விடியலில்தான் நெய் கொடுக்க முடியும். இந்த இரவில்தான் பல குழுக்கள் உடைகின்றன. விரி வைத்துப் படுக்க இடம், காணாமல் போன சாமி, வரிசையில் முந்தியவர் என்று சண்டை வரும். 41 நாள் காத்த பொறுமை இங்கே போகாமல் இருக்க, தங்குமிடத்தையும் சேருமிடத்தையும் பம்பையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயை உடைத்து நெய்யைப் பாத்திரத்தில் வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுத்த பின், காலியான ஒரு மூடியை ஆழி என்ற தீக்குண்டத்தில் போட வேண்டும். அபிஷேக நெய்யை ஈரமில்லாத சிறு தூக்கில் வாங்குங்கள். ஊருக்கு வந்து அம்மா கையாலோ குருசாமி கையாலோ மாலையைக் கழற்றியதும், விரத நாட்களில் யாரிடம் கடுஞ்சொல் சொன்னீர்களோ அவர்களுக்கு முதல் கரண்டி நெய்யைக் கொடுங்கள்.